காவிரி எனும் அமானிதமும் திப்பு சுல்தானும்



நம் ஒகேனக்கல் வழியே ஓடும் காவிரியை அல்லாஹ்வின் அமானிதமாகக் கண்ட மன்னர் திப்பு சுல்தான். தேவனஹள்ளியில் பிறந்தவர், 1782 டிசம்பரில் தந்தை ஹைதர் அலி மறைந்தபின் மைசூரை ஆண்டார். நம் தருமபுரி அடங்கிய பாராமகாலும் 1792 உடன்படிக்கை வரை அவர் ஆட்சியில்தான் இருந்தது. தந்தை தொடங்கிய பெங்களூரு லால்பாக் தோட்டத்தை வளர்த்தார். மைசூருக்குப் பட்டுப்புழு வளர்ப்பைக் கொண்டுவந்தார்.

அந்த உடன்படிக்கையில் பாதி நாடு போயிற்று. அதற்குப் பிறகும், 1794-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு மேற்கே காவிரியில் அணைக்கு அடிக்கல் நாட்டினார். அந்தப் பாரசீகக் கல்வெட்டு கிருஷ்ணராஜசாகர் அணையில் இன்றும் இருக்கிறது. அதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். தொடங்குவது நம் வேலை, நிறைவேற்றுவது அல்லாஹ்வின் கையில் என்கிறார். அந்த நீரால் புதிதாகப் பயிரிடுவோருக்கு, அல்லாஹ்வின் பெயரால் வரியில் நான்கில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்கிறார். ஆற்றைத் தன் சொத்தாக நினைப்பவர் இப்படி எழுதுவாரா?

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் ஷஹீதானார். அவர் தொடங்கிய அணை முடியவில்லை. ஆனால் அவரது நிய்யத் கல்லில் நிற்கிறது.

அன்பர்களே! தண்ணீருக்கு உரிமையாளன் அல்லாஹ். நாம் பொறுப்பாளிகள் மட்டுமே. ஓடும் ஆற்றில் ஒளு செய்தாலும் வீண்விரயம் கூடாது என்பது நம் மார்க்கம். அப்படியிருக்க, ஹவ்ளு குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பதும், ஒகேனக்கல்லில் பிளாஸ்டிக்கை வீசுவதும் அமானித மோசடி இல்லையா? மறுமையில் கேள்வி உண்டு.

அமானிதம் பேணும் நன்மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.