பாடங்களை இணைத்த தனிநாயகம் அடிகளார்

வல்வில் ஓரியின் மலை என்றும், கொல்லிப்பாவையின் மலை என்றும் சங்கப் புலவர்கள் பாடிய கொல்லிமலையில் வாழும் பேறு பெற்றவர்கள் நாம். அச்சங்கப் பாடல்களின் பெருமையை உலக அறிஞர்முன் எடுத்துரைத்த கத்தோலிக்கக் குரு சேவியர் தனிநாயகம் அடிகளாரை இவ்விழா மலரில் நினைவுகூர்வது மிகவும் பொருத்தமாகும். சிறப்பாக, நம் மலைப் பள்ளிகளின் ஆசிரியப் பெருமக்களுக்கு அவரது வாழ்வு நல்லதொரு வழிகாட்டி.

அடிகளார் 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் யாழ்ப்பாணம் ஊர்காவற்றுறைக்கு அருகிலுள்ள கரம்பொன் ஊரில் பிறந்தார். உரோமையில் இறையியல் கற்று 1938-இல் குருப்பட்டம் பெற்றார். இலத்தீன் முதலிய ஐரோப்பிய மொழிகள் அவருக்குக் கைவந்தன. ஆனால் தம் தாய்மொழியின் பழம்பெரும் இலக்கியங்களை அதுவரை அவர் ஆழ்ந்து கற்றிருக்கவில்லை.

1940-இல் நெல்லைச் சீமையிலுள்ள வடக்கன்குளம் புனித தெரேசாள் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றார். அங்கேதான் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் முறையாகத் தமிழ் கற்கத் தொடங்கினார். உரோமையில் பட்டம் பெற்ற குருவானவர், வேறு சமயத்தவரான தமிழ்ப் பண்டிதரிடம் மாணவராய் அமர்ந்து பாடம் கேட்பதைத் தாழ்வாக எண்ணவில்லை. இந்தத் தாழ்ச்சியே அவர் பிற்காலத்தில் ஆற்றிய தொண்டுகளுக்கெல்லாம் வித்தாயிற்று.

1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சேர்ந்து, சங்கப் பாடல்களில் இயற்கை என்னும் பொருளை ஆராய்ந்தார். மலையையும் காட்டையும் வயலையும் கடலையும் நன்கு அறிந்தால்தான் அகப்பாட்டு விளங்கும் என்று காட்டினார். தாம் முன்பு கற்ற ஐரோப்பிய இலக்கிய அறிவையும் தமிழோடு ஒப்பிடப் பயன்படுத்தினார். 1952-இல் ஆங்கிலத்தில் 'தமிழ்க் கல்சர்' என்னும் இதழைத் தொடங்கினார். பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியலும், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியலும் போதித்தார்.

1964 சனவரியில், புது டில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு கூடியபோது, உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அடிகளாரின் பெருமுயற்சியால் உருவாயிற்று. அதன் முதல் தலைவர் ஜீன் ஃபிலியோசா பிரெஞ்சு நாட்டவர்; மருத்துவம் பயின்று கீழ்த்திசை ஆராய்ச்சிக்கு வந்தவர். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் கூடிய முதல் உலகத் தமிழ் மாநாட்டில், இலக்கியம், மொழியியல், வரலாறு எனப் பல துறை ஆசிரியர்கள் ஒரே அவையில் அமர்ந்தனர். 1980 செப்டம்பர் 1-ஆம் நாள் அடிகளார் இறைவனடி சேர்ந்தார்.

நம் பிள்ளைகள் தினையையும் சாமையையும் வயலில் கண்டு வளர்கிறவர்கள். குறிஞ்சித்திணையைத் தமிழாசிரியர் நடத்துகிறார். பயிரைப் பற்றி அறிவியல் ஆசிரியர் நடத்துகிறார். மலையைப் பற்றிப் புவியியல் ஆசிரியர் நடத்துகிறார். மூவரும் ஒருவரையொருவர் கலந்து பேசாவிட்டால், பாடநூலில் உள்ளது தன் மலைதான் என்பதை அறியாமலேயே பிள்ளை பள்ளியை விட்டுப் போய்விடும். வாரம் ஒருநாள் கூடி அமர்ந்து, ஒருவர் பாடத்தை மற்றவர் கேட்டறிந்தால் அந்தக் குறை நீங்கும். கற்பிக்கிறவரே கற்கவும் முன்வரும் அத்தாழ்ச்சியை நம் ஆசிரியர் அனைவருக்கும் இறைவன் அருள்வாராக.