வேதாளத்தை மேடையேற்றிய நீதிபதி

இயல், இசை, நாடகம் என்று தமிழை மூன்றாகப் பிரித்துப் பெருமை பேசும் நாம், மூன்றாவது பிள்ளையை மட்டும் நெடுங்காலம் திண்ணையிலேயே படுக்க வைத்தோம். இயற்றமிழ் வல்லாரைப் புலவர் என்றோம். இசைத்தமிழ் வல்லாரைப் பாகவதர் என்றோம். நாடகத்தமிழ் வல்லாரையோ கூத்தாடி என்றோம். அந்த ஒரு சொல்லின் கொடுமையை நான் உணர்ந்தது எங்கள் ஊரான மந்தாரக்குப்பத்தில்தான்.

பொங்கல் விழாவுக்கு எங்கள் தெரு இளைஞர்கள் ஒரு நாடகம் போட எண்ணினோம். இரத்தம் குடிக்க வந்த காட்டேரி ஒன்று, எங்கள் ஊர்க் கொசுக்களோடு போட்டியிட முடியாமல் தோற்றோடுவதே கதை. சுரங்கத்தில் இரவுப் பணி முடித்து வருவோரும், காலையில் கல்லூரிப் பேருந்தைப் பிடிப்போரும் ஒன்றுசேரும் மாலை வேளையில் ஒத்திகை. மூன்றாம் நாளே இரண்டு தடைகள் வந்தன. எல்லையிலே பூசை வாங்கும் காட்டேரியைக் கேலி செய்யலாமா என்று என் ஆயா முகம் சுளித்தார். காட்டேரியாக நடிக்க இருந்த நண்பனின் தந்தையோ, படிக்கிற பிள்ளை கூத்தாடப் போவதா என்று சினந்தார். மறுநாள் நண்பன் வரவில்லை.

பேயைக் கண்டு சிரிப்பது பிழையா? படித்தவன் மேடையேறுவது இழிவா? இவ்விரு வினாக்களோடு நூலகத்துக்குள் நுழைந்தவன், ஒரு மனிதரின் வாழ்க்கையில் விடை கண்டேன். அவர்தாம் தமிழ் நாடகத் தந்தை எனப் போற்றப்படும் பம்மல் சம்பந்த முதலியார்.

வெறுத்தவர் விரும்பினார்

சென்னைக்கு அருகே, பல்லாவரத்தை அடுத்துள்ள பம்மல் அவருடைய முன்னோர் ஊர். 1873ஆம் ஆண்டு விஜயரங்க முதலியாருக்கும் மாணிக்கவேலு அம்மையாருக்கும் மகனாகச் சென்னையில் பிறந்தார். தந்தையார் கல்வித் துறையில் பணியாற்றியவர்; நூல்கள் நிறைந்த இல்லம். ஆங்கில நாடகங்களைப் படித்துச் சுவைத்த இளைஞர் சம்பந்தம், தமிழ் நாடகங்களை மட்டும் ஏறெடுத்தும் பார்க்க விரும்பவில்லை. அன்று கொட்டகைகளில் விடிய விடிய நடந்த ஆட்டங்களின் மீது, படித்த குடும்பத்தார் பலருக்கும் இருந்த அதே அருவருப்பு அவருக்கும் இருந்தது. பின்னாளில் நாடகத் தந்தையானவர் முன்னாளில் நாடகத்தை வெறுத்தவர் என்பது வியப்பல்லவா?

1891இல் திருப்பம் நேர்ந்தது. பெல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சாரியார் என்னும் வழக்கறிஞர், தம் சரச வினோதினி சபையாருடன் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தினார். நடித்தவர்கள் வயிற்றுப் பிழைப்புக்காக வேடம் கட்டியவர்கள் அல்லர். கற்றவர்கள், அலுவல் பார்ப்பவர்கள். கலையின் மீது கொண்ட காதலால் மேடையேறியவர்கள். தந்தையாருடன் சென்று அதைக் கண்ட பதினெட்டு வயது இளைஞரின் உள்ளத்தில் ஒரு பொறி விழுந்தது. தெலுங்கில் இயலுமாயின் தமிழில் ஏன் இயலாது? அதே ஆண்டு ஜூலை முதல் நாள், நண்பர்கள் எழுவர் கூடிச் சுகுண விலாச சபையைத் தொடங்கினர்.

ஏழு பேர் என்ற எண்ணைக் கவனியுங்கள். எங்கள் தெருக் குழுவைவிடச் சிறியது! ஊதியமில்லை, உறுப்பினர் சந்தாவே முதல். நாடகமோ கைவசம் ஒன்றுகூட இல்லை. ஆகவே சம்பந்தமே எழுதத் தொடங்கினார். தேவை ஆசிரியரை உருவாக்கியது. 1893இல் புஷ்பவல்லி என்னும் அவருடைய நாடகம் அரங்கேறிற்று. லீலாவதி சுலோசனா, மனோகரா என்று அடுத்தடுத்துப் படைப்புகள் பிறந்தன. வாழ்நாளில் அவர் எழுதியவை தொண்ணூறுக்கும் மேல்.

கட்டுப்பாடே கலை

அந்நாளைய நாடகத்தில் பாட்டே முதன்மை. அரசன் இறந்து விழுந்த பின்னும், மக்கள் கைதட்டினால் எழுந்து மீண்டும் பாடிவிட்டுச் சாவான். சம்பந்த முதலியார் உரைநடை உரையாடலை முன்னிறுத்தினார். இரவெல்லாம் நீண்ட நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். குறித்த நேரத்தில் திரை விலக வேண்டும். பாடம் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஒத்திகைக்கு வராதவர்க்கு வேடமில்லை. விளையாட்டாகக் கூடிய கூட்டம் இவ்வொழுங்கினால்தான் நிலைத்தது.

1902 முதல் 1936 வரை சென்னை விக்டோரியா பொது மண்டபம் சபைக்கு இல்லமாயிற்று. வழக்கறிஞர்களும் அலுவலர்களும் மாலையில் அங்கே கூடி வேடம் புனைந்தனர். சர் சி. பி. இராமசாமி ஐயர், தீரர் சத்தியமூர்த்தி போன்றோரும் அச்சபையில் இருந்தனர். சட்டமன்றத்தில் முழங்கிய சத்தியமூர்த்தியின் நாவன்மைக்கு நாடக மேடையும் ஒரு பள்ளியாயிற்று எனில் மிகையாகாது.

பெண்கள் சபை மேடையேறாத காலம் அது. நாயகி வேடங்களை ஆடவரே தாங்கினர். அவ்வகையில் முதலியாருக்கு இணையாக நின்றவர் ரங்கவடிவேலு என்னும் வழக்கறிஞர். இவர் நாயகன், அவர் நாயகி. பகலில் இருவரும் நீதிமன்றத்தில், மாலையில் இருவரும் மேடையில். 1923இல் ரங்கவடிவேலு மறைந்தது முதலியார் வாழ்வில் ஆறாத புண்ணாயிற்று.

பேய்கள் வந்த வழி

இனிப் பேய்க்கு வருவோம். தமிழ் மேடைக்குப் பேய்களை அழைத்து வந்ததிலும் முதலியாருக்குப் பெரும் பங்குண்டு. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை அமலாதித்யன் ஆக்கினார்; அதிலே தந்தையின் ஆவி நள்ளிரவில் தோன்றி மகனைப் பழிவாங்கத் தூண்டுகிறது. மாக்பெத்தை மகபதி ஆக்கினார். அதிலே கொலையுண்டவனின் ஆவி விருந்துக்கு வந்து அமர்கிறது. இவை அஞ்ச வைக்கும் பேய்கள். கொன்றவனின் மனச்சாட்சியே அங்கே உருவெடுத்து நிற்கிறது.

ஆனால் அவர் அச்சத்தோடு நிற்கவில்லை. பேயல்ல பெண்மணியே என்றொரு நாடகம் எழுதினார். பேய் என்று நாம் நடுங்குவது பேயாகவே இருக்க வேண்டியதில்லை என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. வேதாள உலகம் என்று மற்றொன்று எழுதினார். விக்கிரமாதித்தன் தோளில் ஏறிக் கதை சொன்ன முருங்கை மரத்து வேதாளத்தை அறியாத தமிழ்க் குழந்தை உண்டோ? அந்த வேதாளங்களுக்கென ஓர் உலகத்தையே முதலியார் மேடைக்குக் கொண்டு வந்தார். 1948இல் ஏ. வி. எம். நிறுவனத்தார் அதைத் திரைப்படமாக்கினர்; டி. ஆர். மகாலிங்கம் நாயகனாக நடித்தார்.

சிரிக்க வைப்பதில் அவருக்கு நிகர் அவரே. சபாபதி நாடகத்திலே அப்பாவியான செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் சபாபதி என்று பெயர். அவனை விஞ்சும் அசடான வேலைக்காரனுக்கும் சபாபதி என்றே பெயர். 1941இல் திரைக்கு வந்த அந்நாடகத்தைக் கண்டு இன்றும் சிரிக்கிறோம். மெய்யே பேசிய அரிச்சந்திரன் கதையைத் தலைகீழாகப் புரட்டி, பொய்யே பேசும் மன்னன் ஒருவனைச் சந்திரஹரி என்று படைத்தார். ஊரே கைகூப்பி வணங்கிய கதையையும் கேலிக்கு உள்ளாக்கும் துணிவு அவருக்கிருந்தது. அதே நேரத்தில், வாய்மையை அவர் இகழவில்லை. பொய்யனைக் காட்டி மெய்யனின் அருமையை உணர்த்தினார்.

இஃது அவர் புதிதாகக் கண்ட வழியுமன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியை நம் தமிழாசிரியர்கள் நடத்தக் கேட்டிருக்கிறோம். கருணாகரத் தொண்டைமான் வென்ற களத்திலே, பசியால் வாடிய பேய்கள் யானைத் தந்தத்தால் பல் துலக்கி, குருதியும் கொழுப்பும் கலந்து கூழ் அட்டு, பந்தியமர்ந்து உண்ணும் காட்சியைப் படித்துச் சிரிக்காதவர் யார்? அப்பேய்கள் காளியின் அடியார்கள். தெய்வத்தை வணங்கிக்கொண்டே பேயைக் கண்டு சிரித்தது தமிழ் மரபு. அயர்லாந்துக்காரரான பிராம் ஸ்டோக்கர் தம் இரத்தக் காட்டேரிக் கதையான டிராகுலாவை வெளியிட்டது 1897இல். அவரும் இலண்டனில் ஒரு நாடக அரங்கின் மேலாளர்தாம். ஐரோப்பியர் அக்காட்டேரியைக் கண்டு முதலில் அஞ்சினர். நகைச்சுவை நாடகமாக்கிச் சிரித்தது பின்னர்தான். நம்மவரோ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே சிரித்துவிட்டனர்!

நீதிமன்றமும் நாடக மன்றமும்

சம்பந்த முதலியார் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1924 முதல் 1928 வரை சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் விளங்கினார். கூத்தாடி என்ற சொல்லை வீசத் துணிந்தவர்கள், அந்த நீதிபதியின் முகத்தைக் கண்டு நாவடக்கினர். இதுவே அவர் செய்த பெரும்புரட்சி. அவர் மேடையில் ஆடிய பேய்களைவிடக் கொடிய பேய் ஒன்று தமிழரின் தோளில் அமர்ந்திருந்தது. அதுதான், கலையை நுகர்வோம், ஆனால் கலைஞனை இகழ்வோம் என்னும் மனப்பான்மை. எழுபதாண்டுக் காலம் விடாது போராடி அதை அவர் இறக்கினார்.

ஒன்றையும் மறக்கலாகாது. படித்தோர் சபைகள் தோன்றுமுன்பே, தொழில்முறைக் கலைஞர்களும் தெருக்கூத்துக் கலைஞர்களும் பசியோடும் பழியோடும் நாடகத்தைக் காத்து வந்தனர். முதலியாரின் காலத்திலேயே தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் அப்பெருவழியில் நின்று, 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். படித்தவர் நடித்ததனால் மட்டுமே கலை உயர்ந்தது என்பது முழு உண்மையன்று. கலை உயர்ந்தே இருந்தது. அதைக் காணும் கண்களைத்தான் முதலியார் திருத்தினார். அவருடைய மனோகராவைத் தொழில்முறைக் குழுவினரான டி. கே. எஸ். சகோதரர்களும் நடித்தனர் என்பது இரு வழிகளும் ஒன்றுகூடியதற்குச் சான்று. அந்த மனோகரா 1954இல் சிவாஜி கணேசனின் நடிப்பில் திரையிலும் முழங்கிற்று.

1911இல் சபையார் இலங்கைக்கும் சென்று நடித்தனர். அதன் பயனாய் அங்கும் படித்த இளைஞர் நாடக சபைகள் கண்டனர். கலையரசு சொர்ணலிங்கம் போன்ற ஈழத்து நாடக மேதை, முதலியாரையே தம் ஆசானாகக் கொண்டார்.

முதுமையிலும் அவர் எழுதுகோல் ஓயவில்லை. நாடக மேடை நினைவுகள் என ஆறு பாகங்களில் தம் அனுபவங்களை எழுதி வைத்தார். தம் வெற்றிகளோடு தம் பிழைகளையும் அதில் மறைக்காது எழுதியமையே அதன் சிறப்பு. 1959இல் பத்மபூஷண் விருது அவரைத் தேடி வந்தது. 1964 செப்டம்பர் 24ஆம் நாள், தொண்ணூற்றொரு வயதில் அப்பெருமகனார் மறைந்தார்.

எங்கள் ஊர் வேதாளம்

இச்செய்திகளை ஒரு மாலை நண்பனின் தந்தையாரிடம் சென்று சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, அந்த நீதிபதி நேரம் தவறாதவர் என்கிறாயே, நீங்களும் இரவு எட்டு மணிக்கு ஒத்திகையை முடிப்பீர்களா என்று கேட்டார். முடிப்போம் என்றேன். மறுநாள் நண்பன் வந்தான்.

ஆயாவிடம் பரணிக் கதையைச் சொன்னேன். பேய்கள் தந்தத்தால் பல் துலக்கியதைக் கேட்டுப் பொக்கை வாயால் சிரித்தார். ஆனாலும் தம் நிபந்தனையை விட்டாரில்லை. எல்லைத் தெய்வத்தின் பெயர் மட்டும் வேண்டாம். வேறு பெயர் வையுங்கள் என்றார். அவர் சொன்னதிலும் பொருளிருந்தது. வணங்குவோர் மனம் நோகச் சிரிப்பது நகைச்சுவையாகாதன்றோ? எங்கள் காட்டேரி அன்றே வேதாளமாயிற்று. முதலியாரிடம் கடன் வாங்கிய பெயர்தான்.

பொங்கலன்று கற்பூரம் ஏற்றி நாடகத்தைத் தொடங்கினோம். நண்பன் கரிபூசிய முகத்தோடு, கொசுக்கடி தாளாமல் மேடையில் துள்ளியபோது தெருவே சிரித்தது. முன்வரிசையில் ஆயா. அவருக்குப் பின்னால், கடைசி வரிசையில், பணி உடையோடு நேரே வந்து நின்றிருந்தார் நண்பனின் தந்தை. அவரும் சிரித்தார்.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரி ஆண்டு விழாவிலும் நாடகத்துக்குப் பெயர் கேட்கும்போது பலரும் தலை குனிகிறோம். ஏழு பேர் போதும் என்று காட்டிச் சென்றவர் நம்மவர். அடுத்த முறை பெயர் கேட்கையில் கை உயர்த்துவோம். நம் தோளில் இன்னும் ஒட்டியிருக்கும் கூச்சம் என்னும் வேதாளம் தானே இறங்கி முருங்கை மரத்துக்குப் போய்விடும்.