வேதசாட்சி புனித தேவசகாயம்



சேத்தூரிலிருந்து மேற்கே நோக்கினால் நீல நிறமாய் நிமிர்ந்து நிற்கும் மலைத்தொடரை நாங்கள் தினமும் காண்கிறோம். அதே மலைத்தொடர் தெற்கே நீண்டு சென்று முடியும் பகுதியில் ஆரல்வாய்மொழி என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள காற்றாடிமலையில் விசுவாசத்திற்காக உயிர் கொடுத்த உத்தமரே புனித தேவசகாயம். அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகக் காண்போம்.

குமரி மாவட்டத்தில் உள்ள நட்டாலம் என்ற சிற்றூரில் 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். செல்வமும் செல்வாக்கும் மிக்க நாயர் குடும்பம். கல்வியிலும் போர்ப் பயிற்சியிலும் தேர்ந்த அவர், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலராக அமர்ந்தார். பார்கவி என்ற நங்கையை மணந்தார்.

1741-இல் நடந்த குளச்சல் போரில் டச்சுப் படையினர் தோற்றனர். சிறைப்பட்டவர்களுள் டிலனாய் என்ற தளபதியும் ஒருவர். அவருடைய திறமையைக் கண்ட மன்னர், தம் படைக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார். டிலனாய் கத்தோலிக்கர். அக்காலத்தில் நீலகண்டனுக்குத் துன்பங்கள் அடுத்தடுத்து வந்தன. பொருளிழப்பும் கால்நடை இழப்பும் அவரை வாட்டின. துயரத்தோடு வந்த நண்பருக்கு டிலனாய், வேதாகமத்தில் உள்ள யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார். அனைத்தையும் இழந்தும் இறைவனை இழக்காத அந்த மனிதரின் கதை நீலகண்டனின் நெஞ்சைத் தொட்டது.

1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள், வடக்கன்குளம் ஆலயத்தில், இயேசு சபைக் குருவான புத்தாரி சுவாமியின் கையால் அவர் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரின் தமிழாக்கமே தேவசகாயம். அவர் துணைவியாரும் மனம் மாறி ஞானப்பூ என்னும் பெயர் பெற்றார்.

அரண்மனை அலுவலர் தம் விசுவாசத்தை மறைத்து வைத்திருந்தால் பதவியும் பத்திரமாய் இருந்திருக்கும், உயிரும் தப்பியிருக்கும். தேவசகாயமோ மறைக்கவில்லை. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களோடு தாராளமாகப் பழகினார். பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்று வெளிப்படையாக எடுத்துரைத்தார். இது பலருக்குப் பொறுக்கவில்லை. அவர்மேல் பல குற்றங்கள் சாட்டப்பட்டன. 1749-இல் அவர் கைது செய்யப்பட்டார். எருமை மீதேற்றி ஊர் ஊராய் அழைத்துச் சென்றனர், அடித்தனர், காயங்களில் மிளகாய்ப்பொடி தூவினர். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இந்தக் கொடுமை நீடித்தது. விசுவாசத்தைக் கைவிட்டால் விடுதலை உண்டு என்றபோதும் அவர் இணங்கவில்லை. 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அப்போது அவருக்கு வயது 39.

இத்துடன் வரலாற்றை முடித்திருப்போம். ஆனால் இதை வகுப்பில் வாசித்தபோது, கிறிஸ்தவரல்லாத தோழி ஒருத்தி எங்களை ஒரு கேள்வி கேட்டாள். சாதியை எதிர்த்தவரைக் கொண்டாடும் உங்கள் சபை தன் ஆலயங்களிலேயே சாதி பார்க்கவில்லையா என்பதே அந்தக் கேள்வி. எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. விசாரித்துப் பார்த்தோம். அவள் கேட்டது உண்மைதான்!

தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872-இல் எழுந்த ஆலயம் இரு கிளைகளாகக் கட்டப்பட்டது. ஒரு சாதியார் ஒரு கிளையிலும் மற்றவர்கள் மறு கிளையிலும் இருந்து பூசை கண்டனர். இடையே சுவர் நின்றது. பீடம் ஒன்று, அப்பம் ஒன்று. மக்கள் மட்டும் இரண்டு! 1910-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. ஆலயத்தில் சாதியின் பெயரால் தனியுரிமை கோர முடியாது என்று தீர்ப்பாயிற்று.

இதைப் படித்தபோது வெட்கப்பட்டோம். கழுத்தில் அணிந்த சிலுவையைச் சட்டைக்குள் மறைத்துக் கொள்ளலாமா என்று கூட எங்களுள் சிலருக்குத் தோன்றியது. பிறகு சிந்தித்தோம். சுவரைக் கட்டியவர்களும் கிறிஸ்தவர்களே. அதை இடித்தவர்களும் கிறிஸ்தவர்களே. நாம் யாருடைய பிள்ளைகளாய் இருக்கப் போகிறோம் என்பதுதான் கேள்வி. 2000-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால், சபையின் மக்கள் கடந்த காலத்தில் செய்த பிழைகளுக்காக உலகறிய இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். குற்றத்தை ஒப்புக்கொள்வது விசுவாசத்துக்கு இழுக்கல்ல. பாவசங்கீர்த்தனம் நமக்குக் கற்றுத் தருவதும் அதுவே அல்லவா?

தேவசகாயம் 2012 டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2022 மே 15-ஆம் நாள் ரோமையில் பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களால் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். இந்தியப் பொதுநிலையினருள் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல்வர் இவரே. சாதியைக் குறிக்கும் பிள்ளை என்ற பட்டம் நீக்கப்பட்டு, தேவசகாயம் என்ற பெயரே பீடத்தில் ஏறியது.

தோழியரே! சுவர் எழுப்பக் கல்லும் சுண்ணாம்பும் தேவையில்லை. மதிய உணவு வேளையில் ஒரு தோழி பல நாட்கள் தனியே அமர்ந்து சாப்பிட்டாள். அவளை நாங்கள் விலக்கவில்லை, ஆனால் அழைக்கவுமில்லை. அது எங்களுக்கு இப்போதுதான் உறைத்தது. இன்று அவள் எங்கள் வட்டத்தில் அமர்ந்து, தன் வீட்டுப் புளிச்சாதத்தை எங்களோடு பகிர்ந்து உண்கிறாள். கேள்வி கேட்ட தோழிக்கு நாங்கள் அளிக்கும் பதிலும் இதுவே. சிலுவை எங்கள் கழுத்தில் வெளியேதான் தொங்குகிறது. அதை அணிய நாங்கள் தகுதி பெற, புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!