பம்ப் என்ஜினில் படித்த படிப்பு

நம்ம ஆட்கள் நாலு பேர் ஒன்று கூடினால், பந்தியில் பாயசம் வருவதற்குள் பேச்சு புரமோஷனில் வந்து நிற்கும். யாருக்கு வந்தது, யாரை விட்டுவிட்டார்கள், யார் கம்பெனி மாறினார்கள்! அந்தப் புலம்பலில் எனக்கும் பங்கு உண்டு. இப்போது பார்க்கிற வேலையில் என்ன இருக்கு, மேலே போனால் அல்லவா திறமையைக் காட்டலாம் என்று நானும் நினைத்தவன்தான். அப்படி நினைக்கும்போதெல்லாம் ஜார்ஜ் ஸ்டீபன்சன் ஞாபகம் வந்துவிடும். ரயில்வேயின் தந்தை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ரயிலுக்கு முன்னால் அவர் பார்த்த வேலைகளைத்தான் இங்கே எழுத ஆசை.

1781-ல், இங்கிலாந்தில் நியூகாசில் நகருக்கு மேற்கே வைலம் என்ற சுரங்கக் கிராமத்தில் பிறந்தார். அப்பா, சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கும் நீராவி என்ஜினுக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். வருமானம் வாய்க்கும் வயிற்றுக்குமே சரி. பள்ளிக்கூடம் என்ற பேச்சே கிடையாது. பையன் மாடு மேய்த்தான், கரியில் கல் பொறுக்கினான், அப்புறம் அப்பாவுக்கு உதவி ஃபயர்மேன் ஆனான். 17 வயதில் ஒரு பம்ப் என்ஜினைக் கவனிக்கும் பொறுப்பு கிடைத்தது. அதே என்ஜினில் அப்பா ஃபயர்மேன். மகனுக்குக் கீழே அப்பா!

அந்த வேலையில் கட்டாயம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். என்ஜின் ஓடுகிறதா, பம்ப் தண்ணீர் இழுக்கிறதா என்று பார்க்கணும். பெரிய கோளாறு என்றால் மேலே இருக்கும் என்ஜினீயருக்கு ஆள் அனுப்பணும். அதோடு சரி. ஸ்டீபன்சன் அங்கே நிற்கவில்லை. ஓய்வு நேரத்தில் என்ஜினைப் பிரித்து, ஒவ்வொரு பாகமாகத் துடைத்து, எது எதற்கு என்று பார்த்து, மறுபடி பூட்டி வைப்பார். பின்னால் வேறு சுரங்கங்களுக்குப் போனபோதும், சனிக்கிழமை வேலை நின்றதும் மற்றவர்கள் வெளியே போக, இவர் என்ஜினைப் பிரித்து உட்கார்ந்துவிடுவார். ஓவர்டைம் எல்லாம் கிடையாது.

18 வயது வரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புது என்ஜின்களைப் பற்றிய விவரமெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது என்று கேள்விப்பட்ட பிறகுதான் இரவுப் பள்ளியில் சேர்ந்தார். வாரம் மூன்று பென்ஸ் சம்பளம். பிறகு கணக்கும் படித்தார். என்ஜின் அருகே உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போடுவார்; வாத்தியார் திருத்திக் கொடுப்பார்.

இதற்கெல்லாம் உடனே பலன் கிடைத்ததா? இல்லை. 1806-ல் மனைவி இறந்தார். கையில் சின்னப் பையன். விபத்தில் அப்பாவுக்கு நீராவி அடித்துக் கண் போய்விட்டது. அவருடைய கடனையும் இவரே அடைத்தார். ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது தன் பெயர் வர, பதில் ஆளுக்குப் பணம் கொடுத்தார். அமெரிக்காவுக்கே போய்விடலாமா என்று யோசித்தார், கப்பலுக்குக் காசில்லை. ராத்திரியில் கடிகாரமும் செருப்பும் ரிப்பேர் செய்தார். முப்பது வயதை நெருங்கும்போதும் கில்லிங்வொர்த் சுரங்கத்தில் கரி ஏற்றும் என்ஜினுக்கு பிரேக் பிடித்துக்கொண்டிருந்தார். நம்மில் பலர் இந்த இடத்தில் மனம் விட்டிருப்போம்.

1811-ல் அங்கே ஹை பிட் என்ற சுரங்கத்தில் தண்ணீர் தேங்கியது. புதிதாக வைத்த பம்ப் என்ஜின் மாதக்கணக்கில் ஓடியும் வற்றவில்லை. சுற்றுவட்டார என்ஜினீயர்கள் எல்லாம் வந்து பார்த்துக் கைவிட்டார்கள். ஒரு வாரத்தில் ஆட்களை அடியில் இறக்கிக் காட்டுகிறேன் என்றார் இந்த பிரேக்காரர். நிர்வாகத்துக்கும் வேறு வழியில்லை. அது பழைய மாதிரி என்ஜின்: சிலிண்டரில் நிரம்பிய நீராவி மேல் குளிர்ந்த நீரைப் பீய்ச்சினால் அது சுருங்கி வெற்றிடமாகும், காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். பீய்ச்சும் நீர் போதவில்லை என்று ஸ்டீபன்சன் கண்டார். தொட்டியை உயர்த்தி, குழாய் வாயைப் பெரிதாக்கி, நீராவி அழுத்தத்தையும் கூட்டினார். அந்த வாரமே சுரங்கம் வற்றியது. பரிசு 10 பவுண்டு. அடுத்த வருஷம், 1812-ல், சுரங்கத்தின் எல்லா இயந்திரங்களுக்கும் பொறுப்பாளர் ஆனார். ஆண்டுக்கு 100 பவுண்டு சம்பளம்.

அதன் பிறகு ஏறுமுகம்தான். 1814-ல் முதல் ரயில் என்ஜின், 1815-ல் சுரங்கத்துக்கான பாதுகாப்பு விளக்கு, 1825-ல் ஸ்டாக்டன்-டார்லிங்டன் பாதை.

ஆனால் அதே 1825-ல் ஒரு சறுக்கலும் உண்டு. புகழ்பாடும் கட்டுரைகள் சில இதை விட்டுவிடுகின்றன. லிவர்பூல்-மான்செஸ்டர் பாதைக்கு அவர்தான் என்ஜினீயர். ஒரே சமயத்தில் பல வேலைகள் தலையில் விழவே, சர்வேயை உதவியாளர்களிடம் விட்டுவிட்டார். லெவல் கணக்குகள் தப்பு. நாடாளுமன்றக் குழு முன்னால் எதிர்த்தரப்பு வக்கீல் மூன்று நாள் குடைந்தெடுத்தார். எந்த பாகத்தையும் தன் கையால் தொட்டுப் பார்க்காமல் விடாத மனுஷனுக்கு, ஓர் ஆற்றுப் பாலத்தின் உயரத்தைக்கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. மசோதா தோற்றது, வேலை வேறு என்ஜினீயர்களிடம் போனது. 1826-ல்தான் அவரை மறுபடி கூப்பிட்டார்கள். சாட் மாஸ் என்ற சதுப்பு நிலத்தில் கழியும் புதருமாக அடுக்கி, அதன் மேல் பாதையை மிதக்கவிட்டார். 1830 செப்டம்பர் 15-ல் ரயில் ஓடியது.

1847-ல் மெக்கானிகல் என்ஜினீயர்களின் சங்கம் பிரிட்டனில் தொடங்கியபோது முதல் தலைவர் அவரே. மறு வருஷம், 67 வயதில் காலமானார்.

ஒரு துணுக்கு. கில்லிங்வொர்த்தில் குதிரை இழுத்த கரி வண்டிகளின் தடத்துக்கு இடைவெளி 4 அடி 8 அங்குலம். வேலை பார்த்த இடத்தின் அளவையே ரயில் பாதைகளுக்கும் அவர் கொண்டு போனார். பிற்பாடு அரை அங்குலம் கூடி, உலகில் பெரும்பாலான பாதைகளுக்கு அதுவே அளவானது. நம்ம பிராட்கேஜ் வேறு: 5 அடி 6 அங்குலம்.