அகத்தை அளக்க முனைந்த அறிஞர்

உடலின் எடையை நிறுக்கலாம். நாடித் துடிப்பை எண்ணலாம். காய்ச்சலின் வெம்மையைக் கருவி கொண்டு குறிக்கலாம். ஆனால் ஒருவர் உணரும் துன்பம் மற்றொருவர் உணரும் துன்பத்தைவிட எத்தனை மடங்கு மிகுதி என்று கூறவல்லார் யார்? நேற்று இனித்த பாடல் இன்று எவ்வளவு கூடுதலாக இனித்தது என்பதை எந்தக் கோலால் அளப்பது? மனத்திற்கு நீளம் இல்லை, அகலம் இல்லை, எடை இல்லை. ஆகவே அது அளவைக்கு அப்பாற்பட்டது என்று மெய்யியலார் பலர் முடிவு கட்டியிருந்தனர். செருமானியப் பேரறிஞர் இம்மானுவேல் கான்ட் 1786ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், உளவியல் கணிதத்தைத் தழுவிய முறையான இயற்கை அறிவியலாக ஆதல் இயலாது என்று உரைத்தார். அவ்வுரை எழுந்து எழுபத்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின், அகத்தை அளக்கும் வழியை இரு தொகுதிகளில் விரித்துரைத்தவர் குஸ்தாவ் தியோடர் ஃபெக்னர்.

வியப்பு யாதெனில், மனத்தை வெறும் சடப்பொருளாகக் காட்டுவதற்காக அவர் அதனை அளக்க முனையவில்லை. உலகம் முழுவதும் உயிர்ப்புடையது என்று தாம் கொண்ட நம்பிக்கையை நிலைநாட்டவே அளவுகோலைக் கையில் எடுத்தார். அறிவியலாரும் கவிஞரும் ஒருவருக்குள் ஒருங்கே வாழ்ந்தமையால் விளைந்த வாழ்வு அவருடையது.

இளமையும் எள்ளலும்

ஃபெக்னர் 1801ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் லுசேஷியாப் பகுதியைச் சேர்ந்த குரோஸ் சேர்ஷென் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டின் எல்லைக்குள் உள்ளது. தந்தையார் அவ்வூர்த் திருச்சபைப் போதகர். இறைவன் வீட்டை இறைவனே காப்பான் என்று ஊரார் எண்ணியிருக்க, கோயில் கோபுரத்தில் இடிதாங்கியை நிறுவியவர் அவர். சமயமும் இயற்பியலும் பகையல்ல என்னும் பாடத்தை மகன் இவ்வாறு இளமையிலேயே பெற்றார் எனலாம். ஐந்தாம் வயதில் தந்தையை இழந்த சிறுவர், தாய்மாமன் ஆதரவில் வளர்ந்தார். பதினாறாம் வயதில் மருத்துவம் பயில லைப்சிக் நகருக்குச் சென்றவர், அதன்பின் எழுபது ஆண்டுகள், இறுதி மூச்சு வரை, அந்நகரிலேயே வாழ்ந்தார்.

மருத்துவம் கற்றாரே அன்றி மருத்துவராகத் தொழில் நடத்தவில்லை. அக்கால மருத்துவம் அறியாமையை மறைக்கும் போர்வையாக அவருக்குப் பட்டது. டாக்டர் மீசஸ் என்னும் புனைபெயரில் எள்ளல் நூல்களை எழுதலானார். அயோடினைச் சகல நோய்க்கும் மருந்தெனக் கொண்டாடிய போக்கை நகையாடி, நிலவே அயோடினால் ஆனது என மெய்ப்பிக்கும் சிறு நூலை 1821இல் வெளியிட்டார். 1825இல் வந்த மற்றொரு நூல் வானவர்தம் உடற்கூற்றை ஆராய்ந்து, அவர்கள் உருண்டை வடிவினர் என்று முடிவு கண்டது. நகைச்சுவை என்று படிக்கத் தொடங்கினால், இவர் விளையாட்டாகத்தான் சொல்கிறாரா என்னும் ஐயம் இடையிடையே எழும். இதே புனைபெயரில் கவிதைகளும் வெளியிட்டார். இசையுலகோடும் அவருக்கு உறவுண்டு. அவர் தங்கை கிளெமென்டைன், புகழ்பெற்ற பியானோ கலைஞர் கிளாரா ஷூமனுக்குச் சிற்றன்னையாக வாய்த்தவர்.

பிழைப்பிற்காக ஃபெக்னர் பிரெஞ்சு மொழியிலிருந்து இயற்பியல், வேதியியல் நூல்களை ஆயிரக்கணக்கான பக்கங்கள் மொழிபெயர்த்தார். மின்னோட்டம் பற்றிய ஓம் விதியை நுட்பமான அளவீடுகளால் உறுதிசெய்து 1831இல் நூல் வெளியிட்டார். 1833இல் கிளாரா ஃபோல்க்மனை மணந்தார். அடுத்த ஆண்டு லைப்சிக் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியரானார். இல்லறத்தாருக்குரிய கலைக்களஞ்சியம் ஒன்றை எட்டுத் தொகுதிகளாகப் பதிப்பித்து, அதன் ஒரு பகுதியைத் தாமே எழுதினார். இந்த ஓயாத உழைப்பு அவர் நரம்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

இருட்டறை ஆண்டுகள்

ஒளி மறைந்த பின்னும் கண்ணில் நிற்கும் பின்பிம்பங்களை ஆராய்வதற்காக, வண்ணக் கண்ணாடிகளின் வழியே கதிரவனை நோக்கிச் சோதனைகள் செய்தார். 1840ஆம் ஆண்டளவில் கண்கள் ஒளியைத் தாங்கும் ஆற்றலை இழந்தன. பேராசிரியப் பணியை விட்டார், இருட்டறையில் முடங்கினார். வெளியே வர நேர்ந்தால் கண்களைக் கட்டிக்கொண்டே வந்தார். உணவும் செல்லாத நிலையில் உடல் எலும்புக்கூடாயிற்று.

கண்ணைவிடக் கொடிய துன்பத்தைத் தந்தது மனம். எண்ணங்கள் அவர் ஏவலுக்கு அடங்க மறுத்தன. வேண்டாத சிற்றெண்ணம் ஒன்று புகுந்துவிட்டால் நாள் முழுவதும் சுழன்று வருத்தியது. தறிகெட்டு ஓடும் குதிரையின்மேல் அமர்ந்தவரைப் போலத் தம் நிலை இருந்ததாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். சிந்தனை தேவைப்படாத சின்னஞ்சிறு வீட்டுவேலைகளில் கைகளை ஈடுபடுத்தி, எண்ணங்களைச் சிறிது சிறிதாக அடக்கிப் பழகினார். நினைப்பவர் யார், நினைக்கப்படுவது எது, எண்ணத்தை அடக்க முயல்வதும் எண்ணமே அன்றோ என்னும் வினாக்கள், ஏட்டுத் தத்துவமாக அன்றி நாள்தோறும் நடத்தும் போராகவே அவருக்கு அமைந்தன. மனைவியார் அருகிருந்து பேணினார்.

1843ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில், எவரும் எதிர்பாராத வகையில் நலம் திரும்பத் தொடங்கியது. கட்டை அவிழ்த்துவிட்டுத் தோட்டத்திற்குள் அவர் அடியெடுத்து வைத்தபோது, ஒவ்வொரு பூவும் தன்னுள்ளிருந்தே ஒளி வீசுவதாகத் தோன்றியது. மூன்றாண்டு இருளுக்குப் பின் கண்ட காட்சி அது. தாவரங்களுக்கும் உள்ளுணர்வு உண்டு என்னும் எண்ணம் அந்தத் தோட்டத்தில் அவரைப் பற்றிக்கொண்டது. 1848இல் வெளிவந்த நன்னா என்னும் நூல் அதன் விளைவு. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என வகுத்த தொல்காப்பிய மரபில் வந்தவர்க்கு இக்கருத்து புதிதன்று. ஆனால் நரம்பில்லாத இடத்தில் உணர்வில்லை என்று நம்பிய அன்றைய ஐரோப்பிய அறிவியலார்க்கு அது நோயாளியின் கனவாகப்பட்டது. இசைக்கருவிகளுள் நரம்பு கொண்ட யாழே அன்றி நரம்பில்லாத குழலும் இசைக்கிறதே என்னும் வகையில் அவர் விடை கூறினார்.

ஒரு காலைப்பொழுது

மனமும் உடலும் இரண்டல்ல, ஒன்றன் இரு பக்கங்கள் என்பது ஃபெக்னரின் கொள்கை. வட்டத்தின் உள்ளே நிற்பவர்க்கு அதன் கோடு குழிந்தும், வெளியே நிற்பவர்க்குக் குவிந்தும் தோன்றும், கோடு ஒன்றே. அவ்வாறாயின் இரு தோற்றங்களையும் இணைக்கும் கணக்கு ஒன்று இருத்தல் வேண்டும். அக்கணக்கு யாது? 1850ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் காலை, படுக்கையில் இருந்தபோது அவருக்கு விடை தோன்றியது. புறத்தூண்டல் பெருக்கல் முறையில் வளர, அகவுணர்வு கூட்டல் முறையில் வளர்கிறது. தூண்டல் பத்து, நூறு, ஆயிரம் என உயர்ந்தால், உணர்வு ஒன்று, இரண்டு, மூன்று என உயரும். உளவியலார் சிலர் இன்றும் அந்நாளை நினைவு நாளாகப் போற்றுகின்றனர்.

இதற்கு அடிப்படையை லைப்சிக் பேராசிரியர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர் முன்னரே அமைத்திருந்தார். எடுத்துக்காட்டாக, 30 அலகு எடைக்கும் 31 அலகு எடைக்கும் உள்ள வேறுபாட்டை ஒருவர் கையால் உணர முடிகிறது எனக் கொள்வோம். எடை 60 ஆனால், 61 அவருக்கு வேறாகத் தோன்றாது. 62 ஆனால்தான் வேறுபாடு புலப்படும். கூட்டப்படும் அளவு அன்று, விகிதமே முதன்மையானது. இருண்ட அறையில் ஏற்றும் ஒரு மெழுகுவர்த்தி அறையையே மாற்றிவிடும். நூறு விளக்குகள் எரியும் மண்டபத்தில் அதனை எவரும் கவனியார். பகலிலும் விண்மீன்கள் வானில் இருக்கின்றன. அவற்றின் ஒளி குறைவதில்லை. நம் உணர்வின் வாசற்படியை அது தாண்டுவதில்லை, அவ்வளவே.

கண்டுபிடிப்பு ஒரு காலைப்பொழுதில் நிகழ்ந்தது. அதனை நிறுவப் பத்து ஆண்டுகள் சென்றன. ஃபெக்னர் தம்மையே சோதனைப் பொருளாக்கினார். இரண்டு எடைகளைத் தூக்குவது, எது கனம் என்று கூறுவது, சரியா தவறா எனக் குறிப்பது என நாள்தோறும் இப்பணி தொடர்ந்தது. இவ்வாறு அவர் செய்த ஒப்பீடுகள் 20,000க்கும் மேற்பட்டவை. எண்ணங்களைக் கட்டுப்படுத்த இயலாது தவித்தவர், தம் மனத்தின் ஒவ்வொரு சிறு தீர்ப்பையும் ஏட்டில் பதிந்தார். 1860இல் உளப்பௌதிகத்தின் மூலங்கள் என்னும் அவரது பெருநூல் வெளிவந்தது.

எழுந்த தடைகள்

கணக்கு சரியே, ஆனால் அளக்கப்பட்டது எது? ஒரு பொருளை அடுத்த பொருளினின்று பிரித்தறியும் திறன் அளக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. உணர்வே அளக்கப்பட்டதா என்பதுதான் வழக்கு. பெரிய எடை பல சிறிய எடைகளின் தொகுப்பு. பெருந்துன்பம் பல சிறு துன்பங்களின் தொகுப்பா? அரிதில் உணரத்தக்க வேறுபாடுகள் யாவும் தம்முள் சமம் என்பதற்குச் சான்று யாது? இவ்வினாக்களை அவர் காலத்தவரே எழுப்பினர். ஃபெக்னர் முதுமையிலும் சளைக்காது விடை எழுதிக்கொண்டிருந்தார். அமெரிக்க உளவியலார் வில்லியம் ஜேம்ஸ் 1890இல், இத்தனை உழைப்பும் உளவியலுக்குப் பயன் ஒன்றும் தரவில்லை என்று கடிந்துரைத்தார். அவரே 1909இல் வெளியிட்ட நூலில், ஃபெக்னரின் உலகநோக்கைப் பெருமதிப்புடன் விளக்கி ஓர் இயல் எழுதினார். அளவுகோலைத் தள்ளியவர் அளந்தவரின் கனவை ஏற்றுக்கொண்டார்.

பெருநூலில் மற்றொரு துணிவான கருத்தும் உண்டு. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் பாலத்தை அறுத்தால், ஒரு மனம் இரு மனங்களாகும் என்று ஃபெக்னர் கூறினார். சோதிக்க இயலாத கற்பனை என்றே அது கருதப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், கடும் வலிப்பு நோயைத் தணிக்க அப்பாலம் அறுக்கப்பட்டவர்களை ரோஜர் ஸ்பெரியும் அவர் குழுவினரும் 1960களில் ஆராய்ந்தனர். ஒரு பாதி கண்டதை மறுபாதி சொல்ல இயலாத நிலை வெளிப்பட்டது. ஸ்பெரி 1981இல் நோபல் பரிசு பெற்றார். அங்கு இருப்பவை இரு மனங்களா, பிளவுபட்ட ஒரு மனமா என்னும் வழக்கு இன்றும் தீரவில்லை.

அழகும் அளவும்

முதுமையில் ஃபெக்னர் அழகியலின்பால் திரும்பினார். அழகு யாது என்று மேலிருந்து வரையறுப்பதை விடுத்து, மாந்தர் எதனை விரும்புகின்றனர் என்று கீழிருந்து கேட்கவேண்டும் என்றார். பத்துச் செவ்வகங்களைக் காட்டி விருப்பம் வினவினார். பொன் விகிதத்தில் அமைந்ததையே மிகப் பலர் தேர்ந்தனர். 1871இல் டிரெஸ்டன் நகரில், ஹோல்பைன் தீட்டியதாகக் கருதப்பட்ட அன்னை மரியின் ஓவியங்கள் இரண்டு அருகருகே வைக்கப்பட்டன. பார்வையாளர் தம் கருத்தை எழுத அவர் ஓர் ஏட்டை வைத்தார். வந்தவர் 11,000க்கும் மேற்பட்டோர். எழுதியவர் 113 பேர். அவற்றுள்ளும் பெரும்பாலானவை பயன்படவில்லை. அவர் அத்தோல்வியால் தளரவில்லை. 1876இல் தம் அழகியல் நூலை வெளியிட்டார்.

1879இல் வெளிவந்த நூலில் இரு பார்வைகளை எதிரெதிரே நிறுத்தினார். நிறமும் இசையும் நம் மூளைக்குள் மட்டுமே உள்ளவை, வெளியே இருப்பது இருண்ட ஊமை அசைவு என்பது இரவுப் பார்வை. ஒளியும் ஒலியும் உலகிற்கே உரியவை என்பது பகற்பார்வை. இருட்டறையில் கிடந்து மீண்டவர் பகற்பார்வையைத் தேர்ந்ததில் வியப்பில்லை. அதே ஆண்டில் அதே லைப்சிக்கில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். ஃபெக்னர் வகுத்த முறைகளே அங்குக் கைக்கொள்ளப்பட்டன.

1887ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் ஃபெக்னர் மறைந்தார். அடக்கத்தின்போது நினைவுரை ஆற்றியவர் வுண்ட். கனவின் அரங்கு விழிப்பின் அரங்கினின்று வேறானது என்னும் ஃபெக்னரின் கருத்தை, சிக்மண்ட் ஃபிராய்டு 1900இல் வெளிவந்த தம் கனவு நூலில் எடுத்தாண்டார். 1961இல் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ், ஃபெக்னரைப் போற்றிக்கொண்டே அவர் விதியை நீக்கி வேறு விதியை முன்மொழிந்தார். ஆயினும் செவித்திறனையும் பார்வைத்திறனையும் சோதிக்கும் இடங்களில் ஃபெக்னரின் வினவும் முறை இன்றும் வாழ்கிறது.

அவர் அளந்தவை வேறுபாடுகளே. துன்பம் துன்பமாய் இருப்பது எவ்வாறு என்பதை அவர் கணக்கு சொல்லவில்லை. அது தம் கணக்கின் குறை என்று அவர் கருதவில்லை. வட்டத்தின் உட்புறத்தை அதனுள் நிற்பவரே அறிவார் என்பது அவர் கொள்கை. ஆகவே பிறரின் அகத்தை அறிய அவர் கண்ட வழி ஒன்றே: உள்ளிருப்பவரிடம் பொறுமையாகக் கேட்டு, அவர் சொன்ன விடையை மாற்றாமல் பதிவு செய்வது. எடையைத் தூக்கிய கைகளிடமும் ஓவியத்தைக் கண்ட கண்களிடமும் அவர் அதனையே செய்தார்.