வத்தலக்குண்டு தந்த வீரமுரசு

1908-இல் தூத்துக்குடியில் வ.உ.சி.யோடு மேடையேறி முழங்கியதற்காகச் சுப்பிரமணிய சிவாவுக்குக் கிடைத்தது சிறை. 1912-இல் விடுதலையானபோது, தொழுநோய் அவர் உடலில் குடியேறியிருந்தது. வேறொருவராயின் மூலையில் முடங்கியிருப்பார். சிவாவோ மறு ஆண்டே ‘ஞானபாநு’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். பாரதியும் அதில் எழுதினார். வடசொல் கலவாத தமிழில் கட்டுரை எழுதுவோர்க்கு 5 ரூபாய் பரிசு என அறிவித்தார். அந்நாளில் அது சிறு தொகையன்று!

தொழுநோயாளர் இரயிலேறக் கூடாதென்று அரசு தடுத்தது. நோயைவிட அவர் நாவுக்கே அது அஞ்சியிருக்கும் என்பது என் எண்ணம். கட்டைவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்றார். எழுத்தறியாதவர்க்கும் விளங்கும்படி பேசினார். பாப்பாரப்பட்டியில் இளைஞர்களைக் கூட்டிப் பாரதாசிரமம் அமைத்தார். அங்கே பாரதமாதாவுக்கு ஆலயம் எழுப்ப விரும்பினார். அது எழுமுன், 1925 ஜூலை 23-ஆம் நாள் அவ்வூரிலேயே கண்மூடினார். வயது 40.