28 வயதில் செயலிழந்த கால்கள்... சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆபரேஷன் செய்த வேலூர் டாக்டர்!

28 வயசு. எம்.பி.பி.எஸ் முடிச்சாச்சு. மேல பயிற்சி போய்க்கிட்டிருக்கு. லீவு கிடைச்ச ஒருநாள் நண்பர்களோடு பிக்னிக். உங்க வாழ்க்கை மாதிரியே இருக்குல்ல? மேரி வர்கீஸின் வாழ்க்கையும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, 1954 ஜனவரி வரை.

கொச்சிக்குப் பக்கத்தில் உள்ள செராயில், 1925-ல் பிறந்தவர் மேரி. வேலூர் சி.எம்.சி-யில் படித்து, மகப்பேறு மருத்துவராகும் கனவோடு இருந்தார். அன்று இளம் டாக்டர்கள் சென்ற வண்டி, முன்னால் போன பஸ்ஸை முந்தும்போது மைல்கல்லில் மோதி உருண்டது. மேரியின் முகத்தில் பலத்த காயம். அதைவிடப் பெரிய அடி, முதுகுத் தண்டுவடத்தில். இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை.

திரும்ப நடக்க முடியுமா?

இன்றைக்கு இந்தக் கேள்வி வந்தால், டாக்டர்கள் கேட்பது எம்.ஆர்.ஐ ஸ்கேன். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், அதற்குள் இருக்கும் தண்டுவடம் தெரியாது. எம்.ஆர்.ஐ-யில் தண்டுவடத்தையே பார்க்கலாம். வீக்கம் மட்டும் இருந்தால், ஆபரேஷனுக்குப் பிறகு ஓரளவு மீள்வதற்கான நம்பிக்கை அதிகம். தண்டுவடத்துக்குள் ரத்தம் கசிந்திருந்தாலோ, வீக்கம் நீளமாகப் பரவியிருந்தாலோ வாய்ப்பு குறைவு. கூடவே, கால் விரல் அசைகிறதா, தொட்டால் தெரிகிறதா என்றும் சோதிப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் கணிப்பார்கள்.

மேரிக்கு இந்த வசதி எதுவும் இல்லை. இத்தனைக்கும் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறை, 1949-ல் தொடங்கப்பட்டதே அதே சி.எம்.சி-யில்தான். ஆனா, மனித உடலை எம்.ஆர்.ஐ முதன்முதலில் படம்பிடித்தது 1977-ல். அதனால், மேரி காத்திருந்துதான் பதிலைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கால்கள் திரும்பவே இல்லை.

அப்போது சி.எம்.சி-யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் மூலம் சரிசெய்துகொண்டிருந்தார் டாக்டர் பால் பிராண்ட். கை ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று மேரிக்கு வழிகாட்டியவர் அவர்தான். மேரி கற்றுக்கொண்டார். நடக்க முடியாத டாக்டர், சக்கர நாற்காலியில் இருந்தபடி மற்றவர்களின் கைகளை இயங்கவைத்தார்.

ஆனா, தன்னைப் போல தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் டிஸ்சார்ஜ் ஆன பிறகு என்ன ஆகிறார்கள்? படுக்கைப்புண், சிறுநீர்த் தொற்று, வேலையில்லாத வாழ்க்கை. இதற்கான பதிலைத் தேடி ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும், பிறகு நியூயார்க்குக்கும் போய் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். திரும்பி வந்து, 1963-ல் சி.எம்.சி-யின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமையேற்றார். 1966-ல் வேலூர் பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு மையம் உருவானது. கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாறுவதில் தொடங்கி, சம்பாதிக்க ஒரு தொழில் கற்பதுவரை அங்கே பயிற்சிதான். 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் மறைந்தார்.

உங்க வீட்டிலோ, நண்பருக்கோ இப்படி ஒரு விபத்து நடந்தா, ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் கேட்பது, நடக்க முடியுமா என்றுதான். கேளுங்க, தப்பில்லை. கூடவே, மறுவாழ்வுப் பயிற்சியை எப்போ ஆரம்பிக்கலாம் என்றும் அன்றைக்கே கேட்டுடுங்க. முதல் கேள்விக்கு வந்த பதில் மேரிக்குச் சாதகமா இல்லை. அவர் வாழ்க்கையை மாற்றியது இந்த இரண்டாவது கேள்விதான்.